யூ-லாக்கைச் சைக்கிளில் மாட்ட ஒரு தாங்கி

யூ-லாக், அதாவது U வடிவ இரும்புத் தண்டு கொண்ட சைக்கிள் பூட்டு, ஒன்றரை கிலோகூட இருக்கும். சைக்கிள் சட்டத்தின் குழாயில் பட்டை போட்டு இறுக்கினால், குலுங்கக் குலுங்கச் சுற்றி வந்து முழங்காலில் இடிக்கும். தண்ணீர் பாட்டில் கூண்டுக்கான துளைகளையே பிடியுங்கள்: இடைவெளி 64 மி.மீ., எம்5 (5 மி.மீ. தடிமன்) போல்ட். தாங்கியில் துளையை நீளவாக்கில் வெட்டினால் மேலே கீழே நகர்த்தலாம்.

கடகட சத்தம்தான் பெரிய தலைவலி. பூட்டின் தண்டு அதன் மேலுறையோடு 16 மி.மீ. என்றால், தாங்கியில் அது உட்காரும் பள்ளம் 17.5 மி.மீ. இருக்கட்டும். இருபுறமும் 1 மி.மீ. டியூப் ரப்பர் ஒட்டினால் அமுங்கிக் கவ்வும். மேலே ஒரு வெல்க்ரோ பட்டை கட்டாயம்; சாலைக் குழியில் சக்கரம் இறங்கினால் பூட்டு எகிறும்.

3டி பிரிண்டா? பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். பிஇடிஜி பிளாஸ்டிக் தேவலை. அச்சின் அடுக்குகள், தாங்கியில் பூட்டைப் பிடிக்கும் கொக்கியின் வளைவுக்குக் குறுக்கே வந்தால் அங்கேயே பிளக்கும், படுக்கவைத்து அச்சிடுங்கள்.