'எனக்கு ஏறவே ஏறாது' என்பவரின் கல்லீரல்

"வாரக் கடைசியில் ஏற்காடு போனா ஒரு கட்டிங், அளவோடதான்." சேலத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அந்த அளவைக் கிராமில் போட்டுப் பாருங்கள். 180 மில்லி குவாட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். பல நாடுகளில் 'ஒரு டிரிங்க்' என்பது 10 முதல் 14 கிராம்தான். குவாட்டரில் பாதியான கட்டிங்கிலேயே 30 கிராம் வந்துவிடுகிறது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 41 கிராம்.

இதைக் கல்லீரல் இரண்டு படியாகக் கையாளுகிறது. ஏடிஎச் என்ற நொதி ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். ஏஎல்டிஎச்2 என்ற இன்னொரு நொதி அதை அசிட்டேட்டாக்கும். நடுவில் வரும் அசிட்டால்டிஹைடுதான் டிஎன்ஏவைச் சிதைக்கிற நஞ்சு. சீனர், ஜப்பானியர், கொரியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த ஏஎல்டிஎச்2 பிறவியிலேயே மந்தம். இரண்டு வாய் குடித்ததும் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுவார்கள். நம்மூரில் அந்த மரபணு மாற்றம் மிக அரிது. உடம்புக்குள் மணி அடிக்க ஆளில்லை.

'எனக்கு ஏறாது' என்பதைப் பலம் என்று எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. போதை குறைவாக ஏறும் தன்மையிலும் பரம்பரைக்குப் பங்குண்டு. அப்படிப்பட்டவர்களே பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம். மூளைக்குத் தெரியாவிட்டாலும் 61 கிராமும் கல்லீரல் வழியாகத்தான் போகிறது. அங்கே பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு முக்கியம். அதன் புரதத்தில் 148ஆம் இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெதியோனின் இருந்தால், கல்லீரல் செல்லில் கொழுப்பு கரையாமல் தேங்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இது வந்திருந்தால் குடிப்பவருக்குச் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய், வரும் வாய்ப்பு சில மடங்கு கூடும். தொப்பையும் சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் மோசம்.

'கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது' என்பார்கள். ரத்தக் கொலஸ்ட்ராலோடு தொடர்புடைய சிஇடிபி மரபணுவின் ஒரு வகை உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பலன் தெரிவதாக 2014இல் ஸ்வீடன் ஆய்வு ஒன்று சொன்னது. 2019இல் வெளியான, 5 லட்சம் பேரைத் தொடர்ந்த சீன ஆய்வையே நான் அதிகம் நம்புகிறேன். மரபணு பிறப்பிலேயே அமைவது. பணமும் பழக்கமும் அதை மாற்றா. ஒருவர் எவ்வளவு குடிப்பார் என்பதைப் பாதிக்கும் ஏஎல்டிஎச்2 போன்ற மரபணுக்களை வைத்துக் கணக்கிட்டபோது, குடி கூடக்கூடப் பக்கவாதமும் கூடியது. மிதமாகக் குடிப்பவருக்குத் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. அங்கே பெண்கள் அநேகமாகக் குடிப்பதில்லை; அதே மரபணுக்கள் இருந்தும் அவர்களிடம் பக்கவாதம் கூடவில்லை.

எச்சில் எடுத்து மரபணு சோதனைக்கு அனுப்பும் முன், அப்பா, சித்தப்பா, தாய்மாமனில் யாருக்காவது சிரோசிஸோ கணைய அழற்சியோ இருந்ததா என்று வீட்டில் கேளுங்கள். இருந்திருந்தால் 'அளவோடு' என்ற பேச்சே உங்களுக்கு வேண்டாம். ரத்தச் சோதனையில் பார்க்கும் கல்லீரல் நொதிகளில் ஏஎஸ்டி, ஏஎல்டியைப் போல இரண்டு மடங்கு இருந்தால் குடியின் பாதிப்பாக இருக்கலாம். எண்கள் சரியாக இருந்தும் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கக்கூடும். அதைக் கண்டறியக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் வேண்டும். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவரைப் பார்த்தே நிறுத்த வேண்டும்.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும். அந்த வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். ஏற்காடு ஏரிக்கரை விடுதியில் இரவு 11 மணிக்கு முடித்த குவாட்டர், காலை 6 மணிக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். காபியோ எலுமிச்சைச் சாறோ அதை விரைவுபடுத்தாது.