மால்டாவில் மனைவியும் நானும்

மால்டாவுக்கு வேலைக்கு வரலாமா என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களில் சிலர், சம்பளம், வாடகை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் கேட்கிறார்கள். "அக்கா, அங்க நம்மள மாதிரி ஆளுங்க நிம்மதியா இருக்க முடியுமா?" பெரும்பாலும் என்னைப் போலப் பெண்ணையே விரும்பும் பெண்கள், நர்சிங் முடித்தவர்கள், முதியோர் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு விசாவுக்குக் காத்திருப்பவர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் அந்த நிம்மதி எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது மால்டா. மொத்தப் பரப்பே 316 சதுர கிலோமீட்டர்தான், சென்னை மாநகராட்சியை விடச் சிறியது. ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கத்தோலிக்கம்தான் அரசியலமைப்பே சொல்லும் நாட்டின் மதம். கோடை வந்தால் ஊருக்கு ஊர் புனிதர் திருவிழா, காலை எட்டு மணிக்கே வேட்டுச் சத்தம். விவாகரத்துக்கே 2011-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித்தான் வழி பிறந்தது. கருக்கலைப்புக்கு இன்றைக்கும் ஏறக்குறைய முழுத் தடை. வருவதற்கு முன் இதையெல்லாம் படித்தபோது, ஊரில் மூடி வைத்ததை இங்கேயும் மூடித்தான் வைக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன்.

அதே நாடுதான் 2014-இல் ஒருபால் இணையர் பதிவுக்கும் தத்தெடுப்புக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2015-இல் பாலின அடையாளச் சட்டம். மருத்துவச் சான்று எதுவும் கேட்காமல், சொந்த அறிவிப்பை வைத்தே பாலினத்தைத் திருத்திக்கொள்ளலாம். 2016 டிசம்பரில், ஒருவரின் ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதலில் செய்த நாடு இதுதான். 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் 66 பேர் ஆதரிக்க, ஒரே ஒருவர் எதிர்க்க, திருமணச் சமத்துவம் நிறைவேறியது. இல்கா-ஐரோப்பா (ILGA-Europe) அமைப்பு, நம்மைப் போன்றவர்களுக்கான உரிமைகளில் ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டு ஆண்டுதோறும் வெளியிடும் வானவில் வரைபடத்தில் 2016 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் மால்டாவுக்குத்தான்.

இது தானாக நடக்கவில்லை. 2001-இல் தொடங்கிய மால்டா கே (gay) உரிமை இயக்கம் பல ஆண்டுகள் அடித்தளம் போட்டிருந்தது. 2013-இல் வந்த அரசு அந்தச் செயற்பாட்டாளர்களையே ஆலோசனைக் குழுவில் உட்கார வைத்தது. யாருக்காகச் சட்டமோ அவர்களைக் கேட்டே எழுதினார்கள் என்பது எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அப்புறம் திராக்மா என்றொரு குழு. தன்பாலீர்ப்புள்ள கத்தோலிக்கர்கள் தங்கள் நம்பிக்கையை விடாமல் கூடிப் பேசும் இடம். பிள்ளைகளைப் புரிந்துகொள்ள முயலும் பெற்றோருக்கும் அதில் தனிக் குழு உண்டு. தமிழ்நாட்டில் என் அம்மாவுக்கு அப்படி உட்கார்ந்து பேச நாலு அம்மாக்கள் கிடைத்திருந்தால் எத்தனை வருடக் கண்ணீர் மிச்சமாகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதை விட, வேலை செய்த இடத்தில்தான் இந்த ஊர் எனக்குப் புரிந்தது. என் பொறுப்பில் இருந்த ஒரு பாட்டி, தினமும் மாலை ஜெபமாலை சொல்லாமல் சாப்பிட மாட்டார். கட்டிலருகே குடும்பப் படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் கோட்டு சூட்டோடு இரண்டு ஆண்கள். "இவன் என் பேரன், இவன் அவன் வீட்டுக்காரன். பேரனுக்குச் சமைக்கவே வராது, நல்லவேளை இவன் வந்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பிறகு நம்மூர்ப் பாட்டிகள் கேட்பதையே கேட்டார்: "உனக்குக் கல்யாணம் ஆச்சா?" ஆயிற்று, ஒரு பெண்ணோடு என்றேன். அவள் என்ன வேலை செய்கிறாள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். அவ்வளவுதான். அன்றைக்கு வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன்.

எல்லா மால்டாக்காரர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆனால் இது எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கும் ஊர். மாமன் மகன், பக்கத்து வீட்டுப் பெண் என்று எல்லாக் குடும்பத்திலும் யாராவது ஒருவர் வெளிப்படையாக இருக்கும்போது வெறுப்பது கடினமாகிவிடுகிறது.

எனக்கு நேர்ந்த கசப்பு நம் ஆட்களிடமிருந்துதான். வந்த புதிதில் தமிழ்ப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டில் இருந்தேன். விஷயம் தெரிந்ததும் ஒருத்தி, "தப்பா நெனச்சுக்காத, எங்க வீட்ல தெரிஞ்சா என்னைத் திட்டுவாங்க, நீ வேற ரூம் பாத்துக்கோ" என்றாள். தீவு சின்னது. நம்மவர் எண்ணிக்கை அதிலும் சின்னது. ஒரு வாட்ஸாப் குழுவில் போனால் மறுநாள் ஊருக்கே தெரியும். ஆகவே வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: யாரிடம் சொல்கிறோம் என்பதை முதல் சில மாதங்கள் நீங்களே முடிவு செய்யுங்கள். மறைத்தே வாழுங்கள் என்று சொல்லவில்லை. எப்போது சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கட்டும். அதே தமிழர்களில்தான் பொங்கலன்று எங்கள் இருவருக்கும் சேர்த்து இலை போட்ட ஒரு அண்ணனும் அண்ணியும் இருக்கிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது கல்யாண விஷயம். இங்கே பதிவுத் திருமணம் செய்ய மால்டாவில் குடியிருக்க வேண்டும் என்றில்லை. வெளிநாட்டுச் சோடிகள் இதற்காகவே வந்து போகிறார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணமாகாதவர் என்ற சான்று, இவைதான் முக்கியம். இந்தியச் சான்றுகளுக்கு அபோஸ்டில் முத்திரை வேண்டும், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அரசு வைக்கும் முத்திரை. திருமணமாகாதவர் சான்றிதழைத் தமிழ்நாட்டில் இ-சேவை வழியாகத் தாசில்தாரிடம் வாங்கலாம். ஆனால் அதற்கு முன் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். எங்கள் வீட்டில் விசாரித்தவர் அம்மாவிடம், "வெளிநாட்டுல கல்யாணமா? மாப்பிள்ளை யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்களுக்குத் தெரிஞ்ச இடம்தாங்க" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு அம்மா வரவில்லை. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை நான் அவருடைய ஆசீர்வாதமாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆன பிறகு மாறியது பெரிய விஷயங்கள் இல்லை. எனக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதினேன். டாக்டர் அவளிடம் வந்து விளக்கினார். ஊரில் இதே இடத்தில் அவள் வெறும் தோழி. வராண்டாவில் நிற்க வேண்டியவள்.

விடுமுறைக்குப் பக்கத்திலேயே கோசோ தீவு இருக்கிறது. சிர்க்கெவ்வாவிலிருந்து படகில் 25 நிமிடம். ராம்லாவின் செம்மண் நிறக் கடற்கரையையும், எகிப்திய பிரமிடுகளை விடப் பழைய ஜிகாந்தியா கோயில்களையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். நாங்கள் தங்கிய இடத்தில் வரவேற்பில் இருந்த பெண், ஒரு கட்டிலா இரண்டு கட்டிலா என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தாள். செப்டம்பரில் தலைநகர் வலேட்டாவில் நம்மைப் போன்றவர்களின் பிரைடு ஊர்வலம் நடக்கும். 2023-இல் ஐரோப்பா முழுமைக்குமான யூரோபிரைடே இங்கேதான் நடந்தது. கூட்டம் பிடிக்காதவர்களும் ஒருமுறை நடந்து பாருங்கள். பெண்களுக்கென்று தனியாக மதுக்கூடம் தேடினால் ஏமாற்றம்தான். நான் பழகியவரை, இங்குள்ள பெண்கள் வீடுகளில் கூடிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

வலேட்டாவிலிருந்து அதிவேகப் படகு ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சிசிலியின் பொட்சாலோ. அங்கே இறங்கியதும் எங்கள் திருமணம், இத்தாலியச் சட்டப்படி இணையர் பதிவு என்ற கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் இறங்கினால் அதுவும் இல்லை. 2018 செப்டம்பரில் நம்மைக் குற்றவாளிகள் பட்டியலிலிருந்து எடுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 அன்று திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது. தீர்ப்பு வந்த அன்று இங்கே ஒரு வேலைநாள். மதிய இடைவேளையில் இருவரும் போனில் பேசினோம். இரண்டு பேருக்குமே வார்த்தை வரவில்லை.

கடைசியாக, மிகவும் முக்கியமானது. இங்கே நம் இருப்பு வேலையோடு கட்டப்பட்ட அனுமதியில் தொங்குகிறது. வேலை போனால் குறுகிய அவகாசத்துக்குள் இன்னொன்று தேட வேண்டும். இல்லையென்றால் இத்தனை நல்ல சட்டங்களையும் விட்டுவிட்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். இணையாக வருகிறவர்கள் முடிந்தால் இருவரும் தனித்தனி வேலை அனுமதியில் வாருங்கள். ஒருவர் மற்றவரைச் சார்ந்து வந்தால் ஒரே வேலையில் இரண்டு வாழ்க்கை தொங்கும். ஐந்து ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்த பிறகு நீண்டகாலம் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மால்டீஸ் மொழித் தேர்வில் தேற வேண்டும். அரபியின் உறவு மொழி, எழுதுவது ரோமன் எழுத்தில். நானும் அவளும் ஒரே வகுப்பில் சேர்ந்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் எந்தப் புத்தகம் உதவியது, எங்கே இலவச வகுப்பு என்று விவரமாக எழுதுகிறேன்.