சைக்கிளில் இன்ஜின் மாட்டி ரேஸ் விடணுமா, முதலில் பிரேக்கைப் பாருங்க

இன்ஜின் வைத்த என் சைக்கிளைப் பார்க்கிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்பதுதான். எப்படி நிற்கும் என்று கேட்ட ஒரே ஆள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு தாத்தா. ஒரு பின்சக்கரமும் ஒரு முட்டியும் போன பிறகுதான் அவர் அதைக் கேட்டார், அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஆன்லைனில் "80 சிசி கிட்" என்று விற்பார்களே, இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், டேங்க், கார்புரேட்டர், சைலன்சர், செயின், பின்னால் மாட்டும் 44 பல் ஸ்ப்ராக்கெட் எல்லாம் ஒரே பெட்டியில், அதைத்தான் நானும் வாங்கினேன். 80 என்பது சும்மா. சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 38 மில்லிமீட்டர், கணக்குப் போட்டால் 66 சிசிதான் வருகிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு பெடல் மிதித்து, கொஞ்சம் வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். டிவிஎஸ் 50 ஓட்டிய அப்பாக்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, அரிசோனா பக்கம் கோ-கார்ட் டிராக்குகளில் இந்த வண்டிகளை வைத்தே ரேஸ் நடத்துகிறார்கள், அந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் எனக்கும் பைத்தியம் பிடித்தது. உண்மையில் பைக் ரேஸ் வளர்ந்ததே இந்த வழியில்தான். 1907இல் நடந்த முதல் ஐல் ஆஃப் மேன் டிடி ரேஸில் பெடல் வைத்த வண்டிகளும் ஓடின, மேடு வந்தால் மிதித்து ஏற்றினார்கள், அடுத்த வருஷம்தான் பெடலுக்குத் தடை போட்டார்கள்.

நான் செய்த முதல் தப்பு, வீட்டில் சும்மா கிடந்த அப்பாவின் பழைய சைக்கிளில் அந்த இன்ஜினை ஏற்றியது. கம்பி பிரேக், துருப்பிடித்த ரிம், நாலு போக்ஸ் கம்பி லூஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டி முடித்து, அயோத்தியாப்பட்டணம் தாண்டி நண்பன் வீட்டுக் காலி நிலத்தில் ஓட்டினேன். மூன்றாவது சுற்றிலேயே, செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரின் நட்டு லூசாகி, பிராக்கெட் அப்படியே திரும்பிப் பின்சக்கர போக்ஸுக்குள் போய்விட்டது. சக்கரம் சட்டென்று பிடித்துக்கொண்டது. நல்லவேளை மண் தரை, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு டஜன் போக்ஸ் கம்பி வளைந்து போனது, முட்டித் தோல் வழண்டது, கூட வந்தவன் சிரித்துக்கொண்டே வீடியோ எடுத்தான்.

அந்தச் சக்கரத்தைக் கோட்டம் எடுக்கக் கொண்டு போனபோதுதான் தாத்தா என்னை உட்கார வைத்து நாலு வார்த்தை கேட்டார். "கண்ணு, இன்ஜின் ஆடுற ஆட்டத்துக்கு எந்த நட்டும் நிக்காது. தினம் ஒரு தடவை எல்லா நட்டையும் ஸ்பானர் வச்சுப் பாரு. அதெல்லாம் கிடக்கட்டும், இதை எப்படி நிறுத்துவே?" பிரேக் இருக்கிறதே என்றேன். "சரி, இன்ஜினைக் கழட்டி வச்சிட்டு, பத்து கிலோ அரிசி மூட்டையைக் கேரியர்ல கட்டிக்க. ஏற்காட்டுக்குக் கொண்டு போயி மேலேர்ந்து இறங்கிப் பாரு. அப்புறம் வந்து சொல்லு."

இன்ஜின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் அரிசி மூட்டையோடு குட்டி யானையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மேலே போனேன். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. கிலோமீட்டருக்கு மேல் உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவில் இறங்கித் தீர்க்கணும், அந்த வேகம் அத்தனையும் பிரேக் கட்டையில் சூடாகத்தான் போக முடியும். பாதி வளைவு தாண்டுவதற்குள் ரப்பர் கருகும் வாசனை வந்துவிட்டது. நிறுத்தி ரிம்மைத் தொட்டேன், விரலைச் சுட்டுவிட்டது. பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. மீதி வளைவுகளை, ஓரமாக உட்கார்ந்திருந்த குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்க, தள்ளிக்கொண்டே நடந்து இறங்கினேன். அடிவாரத்தில் டீ குடிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், அந்த சைக்கிளில் இனி இன்ஜின் ஏறாது என்று.

இன்ஜினே பிரேக் போடுமே என்று சிலர் சொல்வார்கள். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் சரி. இதில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் பிஸ்டனுக்குப் போகிறது. த்ராட்டிலை மூடிவிட்டு இறக்கத்தில் இன்ஜினைச் சுற்றவிட்டால், வேகமாகச் சுற்றும் பிஸ்டனுக்கு ஆயில் போகாது. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள், பிஸ்டன் இறுகிப் போன கதை ஒன்றாவது வைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் இரும்பு ஃப்ரேம், முன்னால் டிஸ்க் பிரேக் வரும் பழைய எம்டிபி (மலைப்பாதை) சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டென்ஷனரை ஃப்ரேமில் துளை போட்டு போல்ட் வைக்காமல் (துளை போட்டால் அந்த இடத்தில் ஃப்ரேம் உடையும்) லேத்தில் ஒரு கிளாம்ப் அடித்து இறுக்கினேன். பின் ஸ்ப்ராக்கெட் சக்கரத்துக்கு நேர் நடுவில் உட்காராவிட்டால் செயின் ஒரு சுற்றுக்குள்ளேயே இறுகி இறுகித் தளரும், அந்த ஒன்பது போல்ட்டைச் சரியாக இறுக்க எனக்கு ஒரு மாலை ஆனது. புது இன்ஜினுக்கு முதலில் லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில் கலந்து, வேகம் கூட்டாமல் ஓட்டி ஓட்டிப் பழக்கினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிக் கலரில் இருக்கணும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுப்பாக இருந்தால் அதிகம். சேலத்தில் அழகாகக் காபிக் கலர் வந்த பிளக், ஏற்காட்டு நண்பனின் எஸ்டேட்டில், அதுவும் காபி காயவைக்கும் களத்திலேயே ஓட்டியபோது கரி பிடித்துப் போனது. மேலே காற்றின் அடர்த்தி கம்மி, கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் துளையான ஜெட் அதேதான் என்றால் அங்கே பெட்ரோல் அதிகமாகிவிடுகிறது.

இதை ரோட்டில் ஓட்டலாமா என்றால், வேண்டாம். 25 சிசிக்கு மேல் போனால் சட்டப்படி இது மோட்டார் வாகனம், ரெஜிஸ்டர் செய்ய வேண்டும், இந்தக் கிட்டை வைத்துக்கொண்டு அதற்கு வழியில்லை. பொது ரோட்டில் ரேஸ் விடுவது அரசின் எழுத்து அனுமதி இல்லாவிட்டால் தனிக் குற்றம். ஏற்காடு ரோட்டில் ராத்திரி ரேஸ் விடலாம் என்று என்னிடம் ஐடியா சொன்ன தம்பிகளுக்கு இதுதான் என் பதில், அரிசி மூட்டைக் கதையும் சேர்த்து.

நாங்கள் ஓட்டும் இடம் ஒரு ஜவ்வரிசி ஆலையின் காயவைக்கும் களம். அரவை இல்லாத மாதங்களில் அவ்வளவு பெரிய சிமெண்ட் தரை சும்மா கிடக்கும். நண்பனின் மாமா ஆலை அது, "மாவு படிஞ்சிருக்கும், வழுக்கும்டா, கூட்டிட்டு ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னார். மணல் மூட்டை அடுக்கி வளைவு போட்டு, ஆறு பேர், ஆளுக்கு முகம் மூடும் ஹெல்மெட், கிளவுஸ், ஜீன்ஸ், ஷூ. ஒருத்தன் புல் வெட்டும் மெஷினின் 52 சிசி இன்ஜினை மாட்டிக்கொண்டு வந்தான், கிளட்சே பிடிக்க வேண்டாம், த்ராட்டில் கொடுத்தால் தானாக இழுக்கும். நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு பின்னால் 36 பல் ஸ்ப்ராக்கெட் போட்டிருந்தேன், பல் குறைந்தால் வேகம் கூடும், இழுவை குறையும். இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றும்போது 44 பல்லுக்கு மணிக்கு 34 கிலோமீட்டர், 36 பல்லுக்கு 42, பேப்பரில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் களத்தில் நேர் ஓட்டம் எழுபது எண்பது மீட்டர் இருந்தால் அதிகம். ஒவ்வொரு வளைவிலிருந்து வெளியே வரும்போதும் என் இன்ஜின் மூச்சு வாங்கியது, புல் மெஷின்காரன் சர்ரென்று பக்கத்தில் போய்விட்டான். வளைவுக்குள் போகும்போது டிஸ்க்கை நம்பிக் கடைசி நேரம் வரை விட்டுப் பிடித்ததால் இரண்டு பேரைத் தாண்ட முடிந்தது. ஆறு பேரில் நாலாவது.

தாத்தாவிடம் போய்ச் சொன்னேன். நாலாவது வந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, டிஸ்க் தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு "இது பரவால்ல" என்றார். இப்போது 36ஐக் கழற்றி 48 பல் மாட்டியிருக்கிறேன், செயினில் ஆறு கண்ணி கூட்ட வேண்டியிருந்தது. மழை வராவிட்டால் இந்த ஞாயிறு மறுபடியும் களம்.