பழைய தேக்கில் ஆணி பிடுங்கும்போது

இடித்த வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு நிலை, கதவு, சட்டம் எதுவானாலும் பட்டறையில் முதல் வேலை ஆணி எடுப்பதுதான். அதை எடுபிடிப் பையன்களிடம் தள்ளிவிடுவது வழக்கம். மரம் கெடுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஆணி இருந்த துளையை ஒரு குச்சி வைத்து மூடிவிடலாம். பக்கத்தில் சுத்தியல் நெற்றி பதிந்த பள்ளம் ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) ஆழம் என்றால், அதற்காகப் பலகை முழுவதையும் ஒரு நூல் இழைத்துத் தள்ள வேண்டும்.

பள்ளம் ஏன் விழுகிறது என்பது எளிய கணக்கு. சுத்தியல் பிடி 30 செ.மீ., ஆணிக்கும் ஊன்றும் இடத்துக்கும் இடைவெளி 3 செ.மீ. என்றால் விசை பத்து மடங்காகிறது. கையில் 15 கிலோ கொடுத்தால் ஆணியில் 150 கிலோ. கிட்டத்தட்ட அதே பளு, சுத்தியல் ஊன்றும் நகக்கண் அளவு இடத்திலும் இறங்கும். அதனால் அடியில் எதுவும் வைக்காமல் நெம்பவே கூடாது. 4 மி.மீ. பிளைவுட் துண்டு போதும். அட்டை, துணி எல்லாம் கண்துடைப்பு. பள்ளத்தின் விளிம்பை மழுக்கும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் காந்தம் ஓட்ட வேண்டும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தமே போதும். நிலையின் மேல்கட்டையில்தான் அதிகம் சிக்கும்: தோரணம் கட்ட அடித்தது, காலண்டர் மாட்ட அடித்தது, வளைந்ததும் பிடுங்காமல் விட்டது, எல்லாம் பெயிண்டுக்கும் பட்டிக்கும் அடியில் கிடக்கும். பித்தளை ஆணி காந்தத்துக்குத் தெரியாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். தலையைச் சுற்றியுள்ள பெயிண்டைக் கத்தியால் வட்டமாகக் கீறிவிட்டால், ஆணி எழும்பும்போது பெயிண்டும் சிம்பும் (மரச்சிராய்) சேர்ந்து உரியாது.

அடுத்து பின்பக்கம். பழைய கதவுகளில் ஆணி முனையை மடக்கி அடித்திருப்பார்கள். அதை நிமிர்த்தாமல் முன்பக்கம் இழுத்தால் கொக்கி மரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். நிமிர்த்தி, முனையில் பஞ்ச் (ஆணியைத் தள்ளும் சிறு இரும்புக் கம்பி) வைத்துச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டினால் முன்பக்கம் தலை 3, 4 மி.மீ. எழும்பும். முகத்தில் உளி வைத்துத் தலையைத் தோண்டும் வேலையே இல்லை.

எழும்பிய தலையைக் கொறடால் கவ்வி, மேலே இழுக்காமல், கொறடின் கன்னத்தை பிளைவுட் மேல் உருட்ட வேண்டும். உருட்டுவது மரத்தின் ரேகை ஓடும் திசையில். குறுக்கே உருட்டினால் துளை வாயில் சிம்பு பெயரும். அரை இன்ச் வந்ததும் விட்டு, மரத்தை ஒட்டி மறுபடி கவ்வ வேண்டும். ஒரே மூச்சில் உருட்டினால் ஆணி வளைந்து துளையை முட்டை வடிவமாக்கும். ஆணி உயர உயர, கொறடுக்கு அடியில் வைக்கும் கட்டையும் உயர வேண்டும்.

கொல்லுப்பட்டறையில் அடித்த சதுர ஆணி முனை நோக்கிக் கூம்பியிருக்கும். கொஞ்சம் அசைந்துவிட்டால் பிடி விட்டுப்போகும், ஆனால் திருகக் கூடாது. இன்றைய கம்பி ஆணி கடைசி வரை பிடிக்கும். அதைச் சற்றுத் திருகிக்கொண்டே இழுப்பது நல்லது.

துருப்பிடித்ததை இழுப்பதற்கு முன் உள்நோக்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். துருவின் ஒட்டு விடும்போது ‘டிக்’ என்று கேட்கும். கேட்காவிட்டால் சால்டரிங் அயர்னைத் தலையில் இரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டு இழுக்கலாம். எண்ணெய் ஊற்றுவது பாலிஷ் போடும் மரத்துக்கு ஆகாது. கறை உள்ளே இறங்கிவிடும்.

பீடிங்கில் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய சட்டம்) இருக்கும், தலை இருப்பதே தெரியாத ஆணியை முகப்பக்கம் தொடவே வேண்டாம். பீடிங்கை நெம்பிக் கழற்றி, ஆணியைப் பின்பக்கமாக இழுத்தால் சின்னத் தலை மரத்துக்குள்ளேயே நுழைந்து வந்துவிடும். முகத்தில் பழைய பட்டி அப்படியே நிற்கும்.

தலை முறிந்து உள்ளே நின்றுவிட்டதா? 6 மி.மீ. இரும்புக் குழாயின் வாயில் அரத்தால் பல் வெட்டி, டிரில்லில் மாட்டி, ஆணியைச் சுற்றிக் குடைந்து எடுக்கலாம். குழாய் நழுவாமலிருக்க, துளையிட்ட பிளைவுட்டை மேலே கிளாம்ப் செய்ய வேண்டும். அந்தத் துளையை அடைக்கும் மரத்துண்டின் ரேகை பலகையின் ரேகையோடு ஒத்துப்போகட்டும். மரத்தூளும் பெவிகாலும் கலந்து அடைத்தால், பாலிஷ் ஏறாமல் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் பள்ளம் விழுந்தால், ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை ஓரிரு நொடி வைத்தெடுக்கலாம். நசுங்கிய நார் ஊறி எழும்பும். அறுந்த நார் எழும்பாது.

துளையைச் சுற்றியுள்ள கருப்பு, இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டானது. வேங்கையில் இன்னும் அதிகம். ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவினால் வெளுக்கும். அது விஷம், கையுறை வேண்டும். பிறகு தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். துருத்தூள் உள்ளே மிச்சமிருந்தால் கருப்பு திரும்பி வரும்.

இழைப்பு மிஷினில் ஏற்றும் முன் காந்தம் இன்னொரு தடவை. முறிந்த முனை ஒன்று பட்டால் போதும், பிளேடில் பொக்கை விழும். அதற்குப் பிறகு போகும் ஒவ்வொரு பலகையிலும் நெடுக ஒரு மேட்டுக்கோடு விழுந்துகொண்டே இருக்கும், பிளேடைச் சாணை பிடிக்கும் வரை.