23 மெயில், ஒரு சின்ன மேடு

இயற்பியல் படிப்பில் இரண்டாம் ஆண்டு முடியும்போது எதில் ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் 'குவாண்டம் கிராவிட்டி' (ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் முயற்சி) என்பேன். அதற்குத் தேவையான டென்சர் என்ற கணிதம் என்னவென்றே அப்போது சரியாகத் தெரியாது. அந்தத் தைரியத்தில் 23 பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பினேன். எல்லாம் ஒரே வாசகம், பெயர் மட்டும் மாறும். ஒன்றில் பெயரையும் மாற்ற மறந்துவிட்டேன். பதில் போட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் "பொதுச் சார்பியல் படித்துவிட்டு வாருங்கள்" என்றார். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு அது. நியாயம்தான்.

இன்னொருவர் உடனே சேர்த்துக்கொண்டார். அங்கேதான் ஒரு செமஸ்டர் பாழானது. யாரோ எப்போதோ எழுதிய ஃபோர்ட்ரான் (பழைய கணினி மொழி) நிரலைக் கொடுத்து "ஓட்டிப் பார்" என்றார். விளக்கம் ஒரு வரி கிடையாது. மாறிகளின் பெயரெல்லாம் ஏ1, ஏ2, ஏஏ2. மூன்றாவது வாரம் அவர் ஓராண்டு ஆய்வு விடுப்பில் கிளம்பிவிட்டார். துறையில் எல்லோருக்கும் முன்பே தெரியுமாம், என்னைத் தவிர! யாரிடமாவது சேரும் முன் 'அடுத்த ஒரு வருடம் இங்கே இருப்பீர்களா, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது' என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவரிடம் முன்பு வேலை பார்த்த மாணவரையும் தனியாகப் பிடித்துப் பேசுங்கள்.

அப்புறம் மூன்றாம் ஆண்டு லேபில் மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, சீக்கிரம் சிதையும் துகள்) ஆயுள் அளக்கும் சோதனை. சின்டிலேட்டரில் (துகள் பட்டால் ஒளிரும் பொருள்) மியூவான் வந்து நின்றால் ஒரு ஒளிமின்னல், சிதைந்தால் இன்னொன்று. அந்த ஒளியை ஒளிப்பெருக்கிக் குழாய் மின் துடிப்பாக்கும். இரண்டுக்கும் நடுவிலான இடைவெளிகளை, எது எத்தனை முறை வந்தது என்று ஹிஸ்டோகிராமாகப் போட்டால் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடி வர வேண்டும். எனக்கு 1.7 வந்தது. அறை விளக்கைப் போட்டால் எண்ணிக்கை எகிறியது. டார்ச்சை நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில், வெளி வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்பு டேப் ஒரு மூலையில் நகக்கண் அளவுக்குப் பிரிந்திருந்தது. ஒட்டியும் 1.8க்கு மேல் ஏறவில்லை. வரைபடத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன மேடு மட்டும் அப்படியே நின்றது.

"முதல் சில புள்ளிகளை வெட்டிவிட்டு வளைகோட்டை ஃபிட் போடு" என்றார் லேப் ஆசிரியர். வெட்டினேன், 2.1 வந்தது, மதிப்பெண்ணும் வந்தது. (எதிர்மின் மியூவான்களில் கொஞ்சத்தைச் சின்டிலேட்டரில் இருக்கும் கார்பன் அணுக்கரு விழுங்கிவிடும், சராசரி ஆயுள் சற்றுக் குறையும், அதனால் 2.1 சரியான விடைதான்.) ஆனால் மேடு மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்து லேபில் பிஎச்டி செய்யும் அக்காவிடம் காட்டினேன். "குழாய்க்கு எல்இடி விளக்கின் துடிப்பைக் கொடுத்துப் பார். மியூவானே இல்லாமல் மேடு வந்தால் குற்றவாளி குழாய்தான்" என்றார்.

வந்தது! ஒளிப்பெருக்கிக் குழாய்க்குள் மிச்சமிருக்கும் வாயு அயனியாகி, மெதுவாகப் பின்னோக்கிப் போய் ஒளியை எலக்ட்ரானாக மாற்றும் ஒளிக்கதோடில் மோதிப் போலித் துடிப்பைக் கிளப்புகிறது. ஆஃப்டர்பல்ஸ் என்கிறார்கள். பல்லாண்டு காலமாகத் தெரிந்த சங்கதி. இருந்தாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

24வது மெயிலை, துகள்களைக் கண்டறியும் டிடெக்டர் கருவிகளில் வேலை செய்யும் ஒரு குழுவின் பேராசிரியருக்கு அனுப்பினேன். மூன்று வரி, கூடவே மேடு தெரியும் இரண்டு வரைபடங்கள், மியூவானோடு ஒன்று, எல்இடியோடு ஒன்று. அன்றைக்கே பதில் வந்தது: "எல்இடி துடிப்பின் அகலம் எவ்வளவு?" அதை நான் அளந்திருக்கவே இல்லை. மறுநாள் காலை அளந்து எழுதினேன். "சரி, திங்கட்கிழமை வா" என்றார்.