தரிசில் ஊர் கட்டுவோர் மண்வெட்டியைத் தொடும் முன்

1996 மே 5 அன்று லண்டன் வாண்ட்ஸ்வொர்த்தில், தேம்ஸ் கரையோரம் சும்மா கிடந்த 13 ஏக்கருக்குள் சுமார் ஐந்நூறு பேர் நுழைந்தார்கள். நிலம் பீர் தயாரிக்கும் கின்னஸ் நிறுவனத்துடையது. 'தி லேண்ட் இஸ் அவர்ஸ்' (நிலம் நம்முடையது) இயக்கத்தார் அதில் குடிசை போட்டு, தோட்டம் வைத்து, கின்னஸின் விளம்பர வாசகத்தையே எடுத்து 'ப்யூர் ஜீனியஸ்' என்று பெயர் வைத்தார்கள். அக்டோபர் 15 அன்று வெளியேற்றப்படும்வரை, ஐந்தரை மாதம், அது ஊராகவே இருந்தது. அதன்பிறகும் அந்த இடம் பல வருடம் காலியாகக் கிடந்ததுதான் கொடுமை.

நீங்களும் இப்படி இறங்கினால், ஆலை இருந்த மண்ணைத் தோண்டவே கூடாது. செங்கல் சல்லியோடு ஈயமும் பழைய எண்ணெயும் கலந்திருக்கும். செடி உறிஞ்சுவதைவிடத் தூசியாகக் கிளம்பி, குழந்தைகளின் கைவழியே வாய்க்குப் போகும் ஈயம்தான் பெரிய ஆபத்து. அதனால் நீர் இறங்கும் துணியை விரித்து, மேலே மேட்டுப்பாத்தி போடுங்கள். 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரப் பாத்திக்கு 32 கன அடி மண் வேண்டும். வெளி மண்ணும் மட்கும் பாதிக்குப் பாதி. மட்கு அமிழும், அடுத்த பருவத்தில் மேலே கொட்டியே ஆகவேண்டும். அகலம் 4 அடியைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது. ஆள் ஏறி மிதித்தால் மண் இறுகிவிடும்.

பாத்தியைச் சுற்றிப் போடும் மரச்சட்டத்துக்குச் சரக்கு அடுக்கும் மரப்பலகைகளே (பேலட்) போதும். அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: 'எச்.டி.' (HT) என்றால் சூட்டில் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்.பி.' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லி நச்சு வாயு அடித்தது, தொடாதீர்கள். ரயில் ஸ்லீப்பர் கட்டையும் வேண்டாம், மரம் மட்காமலிருக்க ஏற்றும் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஊறியிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கழிப்பறை. வாண்ட்ஸ்வொர்த்தில் தெருவில் படுத்திருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஆள் கூடிக்கொண்டே போகும், கழிப்பறை அதற்குத் தாங்க வேண்டும். கழிவு விழ இரண்டு அறை கட்டி, ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குவளை மரத்தூள். நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஈரம்தான்: சிறுநீர் தனியாகப் பிரியவில்லை, அல்லது தூள் போதவில்லை. லண்டன் குளிரில் கழிவு மட்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதைக் காய்கறிக்குப் போடாமல் மரத்தடியில் புதையுங்கள்.

வெளியேற்ற உத்தரவு எப்போது வேண்டுமானாலும் வரும். ஆணி வேண்டாம், திருகாணி போடுங்கள், கழற்றி எடுக்கலாம். தக்காளிக்கு 20 லிட்டர் வாளி, அடியில் நாலைந்து துளை. காயோடு தூக்கிக்கொண்டு போகலாம்.