உள்வழி தெரிந்தவர்கள்

அரசு அலுவலகத்தைக் கேலி செய்யும் காட்சி என்றதும், 2016-இல் வந்த 'ஜூடோபியா' அனிமேஷன் படத்தின் வாகனப் பதிவு அலுவலகத்தைத்தான் நண்பர்கள் நினைவுபடுத்துவார்கள். அங்கே ஊழியர்கள் அனைவரும் மிக மெதுவாக நகரும் ஸ்லாத் விலங்குகள். ஒரு வண்டி எண்ணைத் தேடித் தருவதற்குள் வெளியே இருட்டிவிடும். காரைக்குடி வட்டாரத்தில் வருவாய்த்துறை எழுத்தராக இருந்த எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால், அந்த மந்தத்தில் ஆள் பார்த்து நடத்தும் பாகுபாடு இல்லை. முயலுக்கு ஒரு வேகம், சிங்கத்துக்கு ஒரு வேகம் என்று அங்கே கிடையாது.

ஏற்றத்தாழ்வு நுழையும் இடத்தைச் சரியாகத் தொட்டது பிராட் பேர்ட் இயக்கிய 'தி இன்கிரெடிபிள்ஸ்' (2004). காப்பீட்டு நிறுவனத்தில் குமாஸ்தாவாக ஒடுங்கிக் கிடக்கும் முன்னாள் சூப்பர்ஹீரோ பாப், இழப்பீடு மறுக்கப்பட்ட மூதாட்டியிடம் எந்த மாடியில் யாரைப் பார்ப்பது, எந்தப் படிவத்தை எந்தப் பிரிவில் கொடுப்பது என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, ஊர் கேட்க வருத்தம் தெரிவிக்கிறார். வாடிக்கையாளர்களின் புகார்களை மேலாளர் பொறுத்துக்கொள்வார். நிறுவனத்தின் உள்வழிகள் அவர்களுக்குத் தெரிந்திருப்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருந்தாலும், ஊரில் ஒரு கணக்கப்பிள்ளை இருப்பார். வாரிசுச் சான்றுக்கு எவற்றை இணைப்பது, வருவாய் ஆய்வாளர் எப்போது இருக்கையில் இருப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனு ஒரே நடையில் முடியும். லஞ்சமும் இல்லை, விதிமீறலும் இல்லை. அதே சான்றுக்குச் சாக்கோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் ஆத்தாவின் மனுவோ, 'உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை' என்ற சிவப்பு மைக் குறிப்புடன் திரும்பும். எந்த ஆவணம் என்று அதில் இராது. "எதை வைக்கணும்னு சொன்னா வச்சுப்புடுவேனே தம்பி" என்றபடி, துணிக்கடைப் பையிலிருந்து குடும்ப அட்டை, இறப்புச் சான்று, மின்கட்டண ரசீது, கோயில் வரி ரசீது வரை மேசையில் பரப்புவார். வேண்டியது மட்டும் அதில் இருக்காது.

வேண்டியவற்றைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். "இப்படி எழுதிக் கொடுத்தால் எல்லாரும் சரியாகக் கொண்டுவந்து நிற்பார்களே, அத்தனை கோப்பையும் யார் முடிப்பது?" என்று மேலதிகாரி ஒருவர் கடிந்துகொண்டார். (பாப்புக்கு வேலை போனது இதற்காக அல்ல, மேலாளரைச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும்படி வீசியதற்காக, அந்த வலு எங்கள் பிரிவில் யாருக்கும் இல்லை.) அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் துண்டுத்தாளை நகலெடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார், அவருக்கு வியாபாரமும் கூடியது. இப்போது மனுக்கள் இ-சேவை மையம் வழியே போகின்றன. நிராகரிப்பு குறுஞ்செய்தியாக வருகிறது. எங்கள் தெருவில் எனக்குக் காட்டப்பட்டவற்றில் காரணம் பெரும்பாலும் அதே ஒற்றை வரிதான்.